நாளைக்கு எத்தனை பன்?

லண்டன். 1950களின் தொடக்கம். ஒரு டீக்கடை.

டீக்கடை என்றதும் நம்ம ஊர் பாய்லரையும் கண்ணாடி டம்ளரையும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். வெள்ளையும் பொன்நிறமுமாக முகப்பு, உள்ளே மேஜை நாற்காலி, கறுப்பு உடைக்கு மேல் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்கள். ஆபீஸ் போகிறவர்களும் கடைக்கு சாமான் வாங்க வந்த குடும்பத் தலைவிகளும் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர், ஒரு பன், கொஞ்சம் தாராளம் காட்டினால் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போகிற இடம்.

பிற்பகலில் அந்தக் கடையின் மேனேஜர் அம்மாவுக்கு ஒரு கவலை வரும். தினமும் வரும்.

நாளைக்கு எத்தனை பன்?

அதிகமாகச் சொல்லிவிட்டால் சாயங்காலம் மிச்சம். மறுநாள் அது கல். குறைவாகச் சொல்லிவிட்டால் பதினோரு மணிக்கே 'தீர்ந்துபோச்சு' என்று கை விரிக்க வேண்டும். பன் மட்டுமா? ரொட்டி, ஸ்விஸ் ரோல், பை, பால் என்று ஏகப்பட்ட அயிட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் எழுதி அனுப்பியாக வேண்டும். அவர் ஒருவர் மட்டுமல்ல. இவரைப்போல நூற்றுக்கும் மேற்பட்ட மேனேஜர் அம்மாக்கள் அதே கவலையோடு அதே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாமே ஒரே கம்பெனியின் கடைகள்.

அந்தக் கவலையைத் தீர்க்கப் போன இடத்தில்தான், அலுவலக வேலைக்கென்று உலகத்தில் முதன்முதலாக ஒரு கம்ப்யூட்டர் முழுநேரமாக உழைக்க ஆரம்பித்தது. ஐ.பி.எம். இல்லை. அமெரிக்காவே இல்லை. ஒரு பன் கம்பெனி.

இன்றைக்கு உங்கள் செல்போனில் பிரியாணிக்கு ஆர்டர் போடுகிறீர்கள். வண்டி எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரிவது அவ்வளவுதான். வீட்டுக்கு முன்கட்டு, பின்கட்டு இருப்பதுபோல இந்த வியாபாரங்களுக்கும் ஒரு பின்கட்டு உண்டு. யார் என்ன கேட்டார், எங்கே தயாராகிறது, எந்த வண்டியில் ஏறுகிறது, யார் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் அங்கேதான் நடக்கும். சாஃப்ட்வேர் ஆசாமிகள் 'பேக் எண்ட்' என்பார்கள். அந்தப் பின்கட்டை முதன்முதலில் கம்ப்யூட்டர் வைத்து ஒழுங்கு செய்தவர்களின் கதை இது.

கம்பெனியின் பெயர் ஜே. லயன்ஸ் அண்ட் கோ.

பெயரில்தான் லயன்ஸ். நடத்தியவர்கள் சால்மன், க்ளக்ஸ்டைன் என்கிற இரண்டு யூதக் குடும்பங்கள். கல்யாண சம்பந்தங்களால் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்தவர்கள். பரம்பரைத் தொழில் புகையிலை. கண்காட்சிகளுக்கு வருகிறவர்களுக்கு நல்ல டீ கொடுத்தால் காசு பார்க்கலாம் என்று தோன்றியது. ஆனால் சாப்பாட்டுக் கடை நடத்துவது கௌரவக் குறைச்சல் இல்லையா? குடும்பப் பெயரைப் பலகையில் போடத் தயக்கம். தூரத்து உறவில் ஜோசப் லயன்ஸ் என்று ஒருவர் இருந்தார். கலகலப்பான மனிதர், கண்காட்சிகளில் கடை போட்ட அனுபவசாலி. அவர் பெயரை எழுதிவிட்டார்கள். 1887இல் நியூகாசில் கண்காட்சியில் முதல் வியாபாரம். 1894இல் லண்டன் பிக்காடில்லியில் முதல் டீக்கடை. அதன் பிறகு நிற்கவில்லை.

காலப்போக்கில் பக்கிங்ஹாம் அரண்மனைத் தோட்ட விருந்துக்கும் விம்பிள்டன் டென்னிஸுக்கும் டீ சப்ளை செய்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டார்கள். லண்டனின் மேற்கே ஹாமர்ஸ்மித் பக்கம் காட்பி ஹால் என்று ஒரு மாபெரும் வளாகம். ரொட்டி, கேக், ஐஸ்க்ரீம் எல்லாம் அங்கே தயாராகும். தலைமை அலுவலகமும் அங்கேதான். அடுப்பிலிருந்து இறங்குகிற வாசனை குமாஸ்தாக்களின் மூக்குக்கு எட்டுகிற தூரம். இரண்டாம் உலகப் போரில் எல்ஸ்டோ என்ற இடத்தில் வெடிகுண்டு நிரப்பும் தொழிற்சாலையை நிர்வகிக்கும் பொறுப்பைக்கூட அரசாங்கம் இவர்களிடம்தான் கொடுத்தது. கேக்குக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ஆயிரக்கணக்கான ஒரே மாதிரிச் சாமானைக் கணக்கு பிசகாமல் தயாரித்து அனுப்பத் தெரிந்தவர்கள் வேறு யார்?

விஷயம் என்னவென்றால், இந்த வியாபாரத்தில் ஒரு கோப்பையில், ஒரு பன்னில் கிடைக்கிற லாபம் மிக மிகச் சொற்பம். ஆனால் ஒவ்வொரு பன்னுக்கும் ஒரு காகிதம் உண்டு. ஆர்டர் எழுதணும். பில் போடணும். கூட்டணும். சரிபார்க்கணும். பன் விற்ற லாபத்தைப் பன்னுக்கு எழுதிய காகிதமே தின்றுவிடுமோ என்கிற பயம் அவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது.

அதனால் 1923இல் ஒரு விசித்திரமான ஆளை வேலைக்கு எடுத்தார்கள். ஜான் சிம்மன்ஸ். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்து முதல் வரிசையில் தேறியவர். கணக்குப் புலிக்கு டீக்கடையில் என்ன வேலை? கணக்குப் போடுகிற வேலை இல்லை. கணக்குப் போடுகிற வேலையைக் குறைக்கிற வேலை! கம்பெனியின் காகிதங்கள் எங்கே பிறக்கின்றன, எந்த மேஜைக்குப் போகின்றன, அங்கே எதற்காக உட்கார்ந்திருக்கின்றன என்று ஆராய்வதற்கென்றே அவர் தலைமையில் ஒரு பிரிவு ஏற்பட்டது. ஒரு உதாரணம். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் கொண்டுவருகிற ஆர்டரைப் பல மேஜைகளுக்குத் துண்டு போட்டு அனுப்புவதற்குப் பதிலாக, அவருடைய கடைக்காரர்களின் சமாசாரம் முழுவதையும் ஒரே குமாஸ்தா கவனித்துக்கொள்வார் என்று மாற்றினார்கள். தப்பு நடந்தால் யார் பொறுப்பு என்று தேட வேண்டாம். கடைக்காரருக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருப்பார்.

கம்ப்யூட்டர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நடந்தவை இவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1947இல் கம்பெனியின் இரண்டு அதிகாரிகள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஆலிவர் ஸ்டாண்டிங்ஃபோர்ட், ரேமண்ட் தாம்ப்சன். போர்க்காலத்தில் அமெரிக்க அலுவலகங்களில் என்னென்ன புதுமை வந்திருக்கிறது, பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். அலுவலகங்களில் இவர்களை அசத்துகிற மாதிரி பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ராணுவத்துக்காக 'மின்னணு மூளை' ஒன்று செய்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். பிரின்ஸ்டனுக்குப் போய் ஹெர்மன் கோல்ட்ஸ்டைனைச் சந்தித்தார்கள். எனியாக் என்கிற அந்தப் பூதத்தை உருவாக்கியதில் பங்குள்ளவர்.

பீரங்கிக் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடுகிற எந்திரத்தை வைத்து எங்கள் பில்லுக்குக் கணக்குப் போட முடியுமா?

கோல்ட்ஸ்டைன் சிரிக்கவில்லை. உற்சாகமாகிவிட்டார். அதோடு ஒரு தகவலும் சொன்னார். இதற்காக நீங்கள் அட்லாண்டிக் தாண்டி வந்திருக்கவே வேண்டாம், உங்கள் கேம்பிரிட்ஜிலேயே ஒரு கோஷ்டி இதே வேலையில் இறங்கியிருக்கிறது.

பக்கத்துத் தெருவில் இருப்பவரைப் பற்றி அமெரிக்கா போய்த் தெரிந்துகொள்வது நமக்கு மட்டும் வாய்த்த பாக்கியம் இல்லை போலிருக்கிறது.

கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் எட்சாக் என்ற கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார். பணத் தட்டுப்பாடு. லயன்ஸ் கம்பெனி பண உதவி செய்தது. எர்னஸ்ட் லெனார்ட்ஸ் என்கிற தன் ஊழியரையும் கூடமாட ஒத்தாசைக்கு அனுப்பிவைத்தது. பதிலுக்கு, உங்கள் எந்திரம் ஓடினால் அதே மாதிரி நாங்களும் ஒன்று கட்டிக்கொள்வோம். நல்ல பேரம். 1949 மே 6 அன்று எட்சாக் ஓடியது. ஹாமர்ஸ்மித்தில் லயன்ஸ் வேலையை ஆரம்பித்தது. பொறியாளர் ஜான் பிங்கர்டன். எந்திரத்தின் பெயர் லியோ. 'லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ்' என்பதன் சுருக்கம்.

எப்படி இருந்தது லியோ? ஓர் அறை முழுக்கப் பீரோ பீரோவாக நின்றது. சுமார் ஆறாயிரம் வால்வுகள். நினைவகத்துக்குப் பாதரசம் நிரப்பிய நீளமான குழாய்கள், மொத்தம் 64. அத்தனை குழாய்களிலும் சேர்த்து இன்றைய கணக்கில் ஒன்பது கிலோபைட்கூடத் தேறாது. இப்போது நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு காலை வணக்கப் படம் அதற்குள் நுழையவே நுழையாது. கூடவே ஓர் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். எந்திரம் வேலை செய்யும்போது அதில் சத்தம் வரும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாளம். பழகிய காதுக்கு, உள்ளே என்ன ஓடுகிறது, எங்கே சிக்கிக்கொண்டது என்று கேட்டே தெரிந்துவிடுமாம்.

ஆனால் லியோ வெறும் காப்பி இல்லை. விஞ்ஞானிக்கும் வியாபாரிக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. விஞ்ஞானி இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டு, அதை வைத்து ஒரு மணி நேரம் கணக்குப் போடச் சொல்வார். வியாபாரி மூட்டை மூட்டையாக எண்களைக் கொட்டி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கூட்டலோ பெருக்கலோ செய்யச் சொல்வார். அவருக்குக் கணக்கின் வேகம் முக்கியமில்லை, எண்களை உள்ளே தள்ளி வெளியே எடுக்கிற வேகம்தான் முக்கியம். முதலில் காந்த நாடா முறையை வெளியே கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். காலம் போனதே தவிர, அது தேறவில்லை. கடைசியில் துளை அட்டை, காகித நாடா என்று பழைய சாமான்களுக்கே திரும்பினார்கள். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் வைத்தார்கள். ஒரு வாசலில் ஒரு வகை அட்டை உள்ளே போகும். அதே நேரம் இன்னொரு வாசலில் இன்னொரு வகை. விடை வெளியே வர வேறு வழி.

1951 நவம்பரில் பேக்கரிக் கணக்கு லியோவில் முறையாக ஓடத் தொடங்கியது. எந்தப் பேக்கரியில் எவ்வளவு தயாரானது, அதன் மதிப்பு என்ன என்கிற வாராந்திரக் கணக்கு. அலுவலக வேலைக்காக வாராவாரம் ஓடிய முதல் கம்ப்யூட்டர் ப்ரோகிராம் என்று சரித்திரம் அதைத்தான் குறித்துவைத்திருக்கிறது. 1954 தொடக்கத்தில் சம்பளப் பட்டியல். ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணக்கிட அனுபவசாலிக் குமாஸ்தாவுக்கு எட்டு நிமிடம். லியோவுக்கு ஒன்றரை விநாடி.

பத்திரிகைகள் அந்த ஒன்றரை விநாடியைத்தான் கொண்டாடும். எனக்கென்னவோ அதே வருடம் அக்டோபரில் ஆரம்பித்த இன்னொரு வேலைதான் பெரிசு என்று தோன்றுகிறது. அதைச் சொல்வதற்கு ஓர் ஆளை அறிமுகப்படுத்த வேண்டும்.

டேவிட் கேமினர். 1936இல் லயன்ஸில் பயிற்சியாளராகச் சேர்ந்தவர். போருக்குப் போனார். 1943இல் டுனீசியா போர்க்களத்தில் ஒரு காலை இழந்தார். திரும்பி வந்து அதே கம்பெனியில், காகிதங்களை ஆராய்கிற அதே பிரிவில் உட்கார்ந்தார். லியோ வந்ததும் அதற்கு என்ன வேலை கொடுப்பது, அதை எப்படிக் கொடுப்பது என்று முடிவு செய்கிற பொறுப்பு அவரிடம் வந்தது. கறாரான ஆசாமி என்று பெயர். கூட வேலை செய்தவர்கள் அவரைக் கண்டு நடுங்கியிருக்கிறார்கள். ஆனால் விட்டுப் போகவில்லை. இன்றைக்கு 'சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்' என்று ஐ.டி. கம்பெனிகளில் பட்டாளமே இருக்கிறது. அந்த இனத்தின் முதல் ஆள் இவர்தான் என்று பலரும் சொல்வார்கள்.

கேமினர் டீக்கடை ஆர்டர்களைக் கையில் எடுத்தார்.

பழைய முறையை முதலில் பார்ப்போம். மேனேஜர் அம்மா ஒரு நீண்ட படிவத்தை நிரப்புகிறார். ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எதிரே ஓர் எண். அது காட்பி ஹாலுக்குப் போகிறது. இப்படி எல்லாக் கடைகளின் படிவங்களும் வந்து குவிகின்றன. குமாஸ்தாக்கள் அவற்றைப் பிரிக்கிறார்கள். மொத்தம் எத்தனை பன் என்று கூட்டினால்தான் பேக்கரிக்குச் சொல்ல முடியும். எந்தக் கடைக்கு எத்தனை என்று தனித்தனியே எழுதினால்தான் கட்டுகிறவர்களுக்குச் சொல்ல முடியும். எந்த வண்டியில் எந்தக் கடைச் சாமான் என்று பிரித்தால்தான் டிரைவருக்குச் சொல்ல முடியும். அப்புறம் விலை போட்டு கடைக் கணக்கில் ஏற்ற வேண்டும். ஒரே எண்ணை எத்தனை பேர், எத்தனை முறை எழுதுகிறார்கள் பாருங்கள்! மூன்று '8' ஆக மாறுவதற்கு எத்தனை வாய்ப்பு!

கம்ப்யூட்டர் கைக்கு வந்ததும் சாதாரண ஆள் என்ன செய்வார்? அந்த நீண்ட படிவத்தை அப்படியே அட்டையில் துளை போட்டு எந்திரத்தில் திணித்திருப்பார். கூட்டல் வேகமாக நடக்கும். ஆனால் அத்தனை எண்களையும் தினமும் துளை போட ஒரு படையே வேண்டியிருக்கும். குமாஸ்தாவை அனுப்பிவிட்டுத் துளை போடும் பெண்ணை வேலைக்கு எடுத்த கதை. ஆதாயம் என்ன?

கேமினரின் ஆட்கள் படிவங்களை உற்றுப் பார்த்தார்கள். ஒரு கடை இந்தச் செவ்வாய்க்கிழமை கேட்டதும் போன செவ்வாய்க்கிழமை கேட்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கு வேறு, சனிக்கு வேறு. ஆனால் வெள்ளிக்கும் வெள்ளிக்கும் அதிக வித்தியாசமில்லை. அப்படியானால் அந்த அம்மா தினமும் எழுதி அனுப்புவதில் பெரும்பகுதி தலைமை அலுவலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி!

பிறகு எதற்காக அதை எழுதச் சொல்கிறோம்?

நம்ம வீட்டில் பால் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். தினமும் விடியற்காலையில் பால்காரரை நிறுத்தி, 'நான் இன்ன வீடு, எனக்கு இரண்டு பாக்கெட் பால் வேண்டும்' என்று விண்ணப்பமா எழுதிக் கொடுக்கிறோம்? இரண்டு பாக்கெட் தானாக வந்து விழும். விருந்தாளி வந்தால் மட்டும், 'நாளைக்கு ஒரு பாக்கெட் கூடப் போடுப்பா.' ஊருக்குப் போனால், 'நாலு நாளைக்கு வேண்டாம்.' மாற்றம் இருந்தால் மட்டும் வாயைத் திறக்கிறோம்.

லியோவுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். ஒவ்வொரு கடைக்கும், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வழக்கமான பட்டியல். அது துளை அட்டைகளாகக் காட்பி ஹாலிலேயே இருக்கும். பிற்பகலில் குறித்த நேரத்தில் ஒவ்வொரு கடையோடும் தொலைபேசியில் பேச்சு. தலைமை அலுவலகத்தில் காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள். பேச்சு இப்படித்தான் இருந்திருக்கும் என்று கற்பனை செய்துகொள்ளலாம்:

"நாளைக்கு ஸ்விஸ் ரோல் ஆறு குறைச்சுக்கோம்மா. பன் ஒரு டஜன் கூட. மத்ததெல்லாம் வழக்கம் போல."

கேட்கக் கேட்க அந்தப் பெண் நேரடியாக அட்டையில் துளை போட்டுவிடுவார். நடுவில் பேப்பர் பென்சில் கிடையாது. வழக்கமான பட்டியல் ஒரு வாசலில் உள்ளே போகிறது. மாற்ற அட்டைகள் இன்னொரு வாசலில். லியோவில் ஒன்றுக்கு மேல் வாசல் வைத்ததன் அருமை இங்கேதான் புரியும். இரண்டையும் கூட்டிக் கழித்தால் நாளைய ஆர்டர் தயார். அந்த ஒரே ஆர்டரிலிருந்து எல்லாம் பிறக்கின்றன. பேக்கரிக்கும் சமையல் கூடத்துக்கும் மொத்தக் கணக்கு, கட்டுகிறவர்களுக்குக் கடைவாரிப் பட்டியல், வண்டி ஏற்றுகிறவர்களுக்கு விவரம், கடைக் கணக்கில் ஏற விலை. எண்ணை ஒருவர் ஒருமுறை சொல்கிறார். மறுபடி யாரும் அதைக் கையால் எழுதுவதில்லை.

இன்றைக்கு ஆர்டர் மேலாண்மை மென்பொருள் எழுதுகிற எந்த இளைஞரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். தகவல் ஓரிடத்தில்தான் பிறக்க வேண்டும், மற்ற எல்லாரும் அங்கிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கோட்பாடு சொல்வார். அவருடைய தாத்தா வயசு அந்தக் கோட்பாட்டுக்கு.

இன்னொரு லாபமும் வந்தது. மாற்றங்கள் மட்டும் தனியாகத் தெரிய ஆரம்பித்ததால், மேலதிகாரிகள் எல்லாக் கடைகளின் எல்லா எண்களையும் மேய வேண்டியதில்லை. வழக்கத்துக்கு மாறாக எது நடக்கிறதோ அதை மட்டும் பார்த்தால் போதும். ஒரு கடை வாரம் முழுக்க ஒரு பண்டத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறதா? என்ன சங்கதி? தெருவில் போட்டிக்கடையா, பண்டமே ருசிக்கவில்லையா? போய் விசாரிக்கலாம்.

இதெல்லாம் கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அந்த வேலை எவ்வளவு துணிச்சலானது என்பதையும் பார்க்க வேண்டும். பேக்கரிக் கணக்கு ஒருநாள் தாமதமானால் யாரும் பட்டினி கிடக்கமாட்டார்கள். சம்பளம் அரைநாள் தாமதமானால் முணுமுணுப்பார்கள். டீக்கடை ஆர்டர் அப்படியில்லை. பிற்பகலில் எண் வருகிறது, காலையில் பன் கடையில் இருக்க வேண்டும். நடுவில் ஓர் இரவு. லியோவிலோ ஆறாயிரம் வால்வுகள், எது எப்போது உயிரை விடும் என்று சொல்ல முடியாது. 1957இல் லியோ 2 வருகிறவரை கம்பெனியில் மாற்று எந்திரமும் கிடையாது. ஒரே ஓர் எந்திரத்தை நம்பி லண்டனின் காலைத் தேநீரை அடகு வைத்தார்கள். வேலை தொடங்குமுன் எந்திரத்தைச் சோதிக்கத் தனி ப்ரோகிராம்கள், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர வழி, வந்த விடை சரியா என்று தானே சரிபார்க்கிற ஏற்பாடுகள் என்று கேமினர் குழு மாய்ந்து மாய்ந்து எழுதியது அதனால்தான். வழக்கமான பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருப்பது அந்த வகையிலும் கொஞ்சம் நிம்மதி தந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றுமே கிடைக்காவிட்டால் வழக்கம் போல அனுப்பு!

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கலாம். எல்லாம் சரி, 'நாளைக்கு எத்தனை பன்?' என்ற கேள்விக்கு லியோ பதில் சொன்னதா?

இல்லை. அதைச் சொன்னது கடைசிவரை மேனேஜர் அம்மாதான். நாளைக்கு மழை வருமா, பக்கத்துத் தியேட்டரில் கூட்டம் வருமா, ஸ்கூல் லீவா என்று அவருக்குத்தான் தெரியும். வேடிக்கை என்னவென்றால், மழை வருமா என்கிற கணக்கையும் அதே லியோ போட்டுக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் வானிலைத் துறைக்குச் சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத காலம். தங்கள் ஆராய்ச்சிக் கணக்குகளை லியோவில் நேரம் வாங்கித்தான் ஓட்டினார்கள். ஒரு வேளை வானம், ஒரு வேளை பன். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடத்தான் அந்த எந்திரத்துக்குத் தெரியாது. அம்மா ஜன்னல் வழியாக வானத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு ஃபோனை எடுத்திருப்பார்.

அதைத்தான் நான் கேமினர் ஆட்களின் சாமர்த்தியம் என்பேன். அந்த அம்மாவுக்குத் தெரிந்ததை அவரிடமிருந்து பிடுங்கப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாததைத் தலையிலிருந்து இறக்கிவைத்தார்கள். மிச்சமிருந்தது அவருடைய யூகம் மட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 45 வருடம் கழித்து, பாதரசக் குழாயெல்லாம் மியூசியத்துக்குப் போன பிறகு, இன்னொரு தின்பண்டக் கம்பெனி இதே இடத்தில் சறுக்கி விழுந்தது. அமெரிக்காவின் ஹெர்ஷே. சாக்லேட் சாம்ராஜ்யம். பழைய ஆர்டர் மென்பொருட்களைத் தூக்கிவிட்டு, 11 கோடியே 20 லட்சம் டாலர் செலவில் எல்லாம் புதிது. நான்கு வருட வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். 1999 ஜூலையில் ஒரே மூச்சில் புதிய முறைக்கு மாறினார்கள். அமெரிக்கக் குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிற ஹாலோவீன் பண்டிகை அக்டோபர் கடைசியில். அதற்கான ஆர்டர்கள் குவிகிற நேரம் அது. நம்ம ஊரில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஸ்வீட் ஸ்டாலில் கல்லாப்பெட்டியை மாற்றுவதுபோல!

சாக்லேட் இருந்தது. ஆர்டர் இருந்தது. அனுப்பத்தான் முடியவில்லை. காரணங்கள் பல. அதில் ஒன்று மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது. சீசன் நேரத்தில் சரக்கு அதிகமானால், கிடங்கு என்று எங்கும் பதிவாகாத அறைகளிலும் மூலைகளிலும் அடுக்கிவைப்பது அங்கே வழக்கம். ஆட்களுக்கு அது தெரியும். புதிய மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. அதைப் பொறுத்தவரை அந்தச் சரக்கு உலகத்திலேயே இல்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அந்த சீசனில் அனுப்ப முடியாமல் போனது. அந்தக் காலாண்டு லாபம் 19 சதவீதம் சரிந்தது. மென்பொருளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அதற்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். கிடங்கு ஆசாமியிடம் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, 'சரக்கு அதிகமானா எங்கப்பா வைப்பே?' என்று கேட்டிருந்தால் பல கோடி மிச்சமாகியிருக்கும். சிம்மன்ஸ் பிரிவு கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்தது அந்த விசாரணையைத்தான்.

சரி, லியோவுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஊரார் கேட்கத் தொடங்கினார்கள். ஃபோர்டு கார் கம்பெனி தன் ஊழியர்களின் சம்பளக் கணக்கை லியோவுக்கு அனுப்பியது. 1954இல் லியோ கம்ப்யூட்டர்ஸ் என்று தனிக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் கம்ப்யூட்டர் விற்கிறார்! 1960களில் லியோ 3. ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிற எந்திரம். லயன்ஸ் பேக்கரியின் விற்பனை ஆட்கள் ஆர்டர் படிவத்தில் பென்சிலால் கோடு போட்டால் போதும், அந்தக் கோட்டை நேராக வாசிக்கிற கருவியும் வந்தது. துளை போடும் வேலையும் போச்சு.

ஆனால் கம்ப்யூட்டர் தயாரிப்பது பணத்தை விழுங்குகிற தொழில். எதிரே ஐ.பி.எம். என்கிற யானை. 1963இல் லியோவை இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தோடு இணைத்தார்கள். அது 1968இல் ஐ.சி.எல். என்கிற பெரிய பிரிட்டிஷ் கம்பெனிக்குள் கரைந்தது. முதல் லியோவை 1965 ஜனவரியில் அணைத்துவிட்டார்கள்.

லயன்ஸுக்கும் நல்ல காலம் நீடிக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகளை வாங்குவதற்காகத் தாறுமாறாகக் கடன் வாங்கியிருந்தார்கள். 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தது, பவுண்டின் மதிப்பு விழுந்தது, கடன் கழுத்தை நெரித்தது. 1978இல் அலைட் ப்ரூவரீஸ் என்கிற பீர் கம்பெனி லயன்ஸை வாங்கிவிட்டது. உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போகிற அந்த வெள்ளை, பொன்நிறக் கடைகள் ஏற்கெனவே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. லண்டன்காரர்களின் நாக்கு வேறு பக்கம் போய்விட்டிருந்தது. அந்த மாற்றத்தை யாரும் பிற்பகல் ஃபோனில் சொல்லவில்லை.

பிரிட்டிஷ் தபால்துறை மட்டும் லியோவை விடவில்லை. தொலைபேசித் துறையும் அன்று அவர்கள் கையில்தான் இருந்தது. லியோ 3 வகை எந்திரங்களை நிறைய வாங்கிப்போட்டு, நாட்டு மக்களுக்கு டெலிபோன் பில் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். 1981 வரை.

கேமினர் 2008இல் இறந்தார். 92 வயது.